தண்டனை வழிகாட்டு மன்றம்: அது என்ன செய்யும், எதற்காக வேண்டும்?

சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. “அதே கேஸ், அதே செக்‌ஷன். அவனுக்கு ஃபைன் போட்டு விட்டுட்டாங்க. எம் பையனுக்கு மட்டும் ஒன்றரை வருஷம்.” பக்கத்தில் நிற்பவர் உடனே ஒரு யோசனை சொல்வார்: “ஃபாரின்ல இருக்கிற மாதிரி இங்கயும் ஒரு கமிட்டி போட்டு, இந்தக் குற்றத்துக்கு இத்தனை மாசம்னு எழுதி வெச்சுடணும்.” இன்னொருவர் தலையாட்டி மறுப்பார்: “அப்படி ஒண்ணு வந்தா எல்லாருக்கும் தண்டனை இன்னும் ஏறத்தான் செய்யும்.”

இரண்டு பேச்சிலுமே பிசகு இருக்கிறது. தண்டனை வழிகாட்டு மன்றம் என்று நான் சொல்லும் இப்படிப்பட்ட அமைப்புகள் இங்கிலாந்தில், ஸ்காட்லாந்தில், அமெரிக்காவில், ஆஸ்திரேலியாவின் சில மாநிலங்களில் உண்மையிலேயே இருக்கின்றன. அவற்றில் எதுவும் எந்தத் தனி மனிதருக்கும் தண்டனை கொடுப்பதில்லை. தண்டனையைக் கூட்டுவதோ குறைப்பதோ அவற்றின் வேலையும் இல்லை. அப்புறம் எதற்குத்தான் இருக்கின்றன? இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் தெரியாமலே நாம் ஆதரித்தும் எதிர்த்தும் பேசிக்கொண்டிருக்கிறோம். இப்படி ஓர் அமைப்பின் நோக்கத்தைச் சட்டத்தின் முதல் பக்கத்திலேயே தெளிவாக எழுதியாக வேண்டும். எழுதாமல் விட்டால் ஆளாளுக்குத் தங்கள் ஆசையையும் கோபத்தையும் அதன் தலையில் ஏற்றிவிடுவார்கள். நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே அதைச் சொல்லத்தான். சட்டம் படிக்காதவர்களும் பின்தொடரும்படி அடியிலிருந்தே போவோம்.

## தீர்ப்பு ஒரு கேள்வி, தண்டனை இன்னொரு கேள்வி

குற்ற வழக்கில் நீதிமன்றம் விடை சொல்ல வேண்டிய கேள்விகள் இரண்டு. இவர் அந்தக் குற்றத்தைச் செய்தாரா? செய்தார் என்றால் அவரை என்ன செய்வது? முதல் கேள்விக்குச் சாட்சிகள், ஆவணங்கள், குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு. ஆண்டுக்கணக்கில் நடக்கும். இரண்டாவது கேள்விக்கான விடையைத்தான் தண்டனை நிர்ணயம் என்கிறோம்.

செஷன்ஸ் வழக்குகளில் குற்றவாளி என்று முடிவான பிறகு, தண்டனை பற்றி அவர் சொல்வதையும் நீதிபதி கேட்டே ஆக வேண்டும். 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 235-வது பிரிவாக இருந்த இந்த விதி, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 258-வது பிரிவாக இருக்கிறது. நடைமுறையில் இது சட்டென்று முடிந்துவிடுவது உண்டு. “வயசான அம்மா இருக்காங்கய்யா, பார்த்துப் போடுங்க” என்று கூண்டில் நிற்பவர் கைகூப்புவார். அவ்வளவுதான். ஒரு மனிதரின் அடுத்த பல ஆண்டுகளை முடிவுசெய்யும் இடம் அது.

இந்த இரண்டு கேள்விகளையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்குச் சேலத்து வரலாற்றிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1882-இல் இங்கே பெரிய கலவரம் நடந்தது. அதைத் தூண்டிவிட்டதாக வழக்கறிஞர் சி. விஜயராகவாச்சாரியார் மீது வழக்குப் போட்டு, பத்து ஆண்டுத் தண்டனையும் விதித்தார்கள். மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பின்னாளில், 1920 நாக்பூர் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் இவர்தான். அந்த வழக்கில் கோளாறு தண்டனையின் அளவில் இல்லை, தீர்ப்பிலேயே இருந்தது. பத்தை ஐந்தாகக் குறைத்திருந்தாலும் அநியாயம் அநியாயமாகவே இருந்திருக்கும். இந்த வகைத் தவறைத் திருத்த மேல்முறையீடுதான் வழி. நாம் பேசப்போகும் அமைப்பு இதைத் தொடவே முடியாது. குற்றம் உறுதியான பிறகு வரும் இரண்டாவது கேள்வி மட்டும்தான் அதன் எல்லை.

## சட்டம் போடும் கோடும் நடுவில் இருக்கும் வெளியும்

ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். ஏற்காட்டில் ஒரு சிறு காப்பித் தோட்டம். சில்வர் ஓக் மரங்களில் ஏறிய கொடியிலிருந்து மிளகு பறித்து, களத்தில் காயவைத்து, மூட்டை கட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு மூட்டை திருடு போகிறது.

முதல் காட்சியில், எடுத்தவர் பக்கத்து ஊர்க் கூலித் தொழிலாளி. அம்மா சேலம் அரசு மருத்துவமனையில் கிடக்கிறார். வேலை முடிந்து திரும்பும் வழியில் மூட்டை கண்ணில் பட்டது, தூக்கிவிட்டார். மறுநாளே பிடிபட்டார், எடுத்ததை ஒப்புக்கொண்டார், மூட்டை பிரிக்கப்படாமலே திரும்பக் கிடைத்தது.

இரண்டாவது காட்சியில், கீழே இருந்து ஒருவர் சரக்கு வண்டியோடு தனியாக வருகிறார். காவலாளி எப்போது சுற்றுகிறார், எப்போது தூங்குகிறார் என்று முன்பே வந்து நோட்டம் பார்த்திருக்கிறார். நம்பர் பிளேட்டில் சேறு பூசிக்கொண்டு ஏறியிருக்கிறார். விற்றும் தீர்த்துவிட்டார். தோட்டக்காரர் பெரிய எஸ்டேட் முதலாளியும் இல்லை, இரண்டு ஏக்கர்காரர். அந்த மூட்டைதான் மகளின் கல்லூரிக் கட்டணம்.

இருவருக்கும் இதுதான் முதல் குற்றம். இருவர் மேலும் ஒரே பிரிவுதான் பாயும்: பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவு. மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். திருடியவர் தோட்டத்து வேலையாளாக இருந்தால் வேறு பிரிவு, ஏழு ஆண்டு வரை போகலாம். ஏற்கெனவே திருட்டில் தண்டனை பெற்றவர் என்றால் குறைந்தது ஓராண்டு உண்டு. பொருளின் மதிப்பு ஐயாயிரம் ரூபாய்க்கும் கீழே, முதல் குற்றம், பொருளையும் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் சமுதாயச் சேவை, அதாவது சிறைக்குப் பதிலாகக் கூலியில்லாமல் பொதுவேலை செய்வது. இது 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய ஏற்பாடு. ஒரு மூட்டை மிளகு இன்றைய விலையில் ஐயாயிரத்தைத் தாண்டிவிடும் என்பதால் நம் வழக்கில் அது பொருந்தாது. 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி சிறைக்கே அனுப்பாமல், ஒழுங்காக இருப்பதாக எழுதி வாங்கிக்கொண்டு விடவும் வழி இருக்கிறது.

ஆக, எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்புவதும் சட்டப்படி சரி. மூன்று ஆண்டு உள்ளே போடுவதும் சட்டப்படி சரி. இந்த இரண்டுக்கும் நடுவில் எந்த இடத்தில் நிற்பது என்பதை நீதிபதி தம் அறிவைக் கொண்டு முடிவு செய்கிறார். இந்த அதிகாரத்துக்கு விருப்புரிமை என்று பெயர். இதைக் கெட்டது என்று சொல்ல மாட்டேன். இது இல்லாவிட்டால் கூலித் தொழிலாளிக்கும் நோட்டம் பார்த்து வந்தவருக்கும் ஒரே தண்டனை விழும். அதைவிடக் கொடுமை வேறு இல்லை. சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. இரண்டு காட்சிகளிலும் எதை எதைக் கணக்கில் எடுக்க வேண்டும், எதற்கு எவ்வளவு எடை என்று சொல்ல யாரும் இல்லை. ஓமலூரில் ஒரு நீதிபதி நோயாளி அம்மாவைப் பெரிதாக எடுத்துக்கொள்ளலாம், ஆத்தூரில் இன்னொருவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் விடலாம். இரண்டு பேருமே நேர்மையானவர்களாக இருந்தும் இது நடக்கும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: சட்டம் உச்சவரம்பை மட்டும் சொல்கிறது, சில இடங்களில் அடிவரம்பையும் சொல்கிறது. நடுவில் இருக்கும் பெரிய வெளியை நீதிபதியின் விருப்புரிமை நிரப்புகிறது. டீக்கடைப் பேச்சு முழுவதும் அந்த வெளியிலிருந்துதான் பிறக்கிறது.

## கொலுசு பில்

செவ்வாய்ப்பேட்டையில் ஒரே எடையுள்ள கொலுசை மூன்று கடைகளில் விலை கேட்டுப் பாருங்கள். அன்றைய வெள்ளி விலை மூன்று பேருக்கும் ஒன்றுதான். ஆனாலும் கடைசித் தொகை மூன்று விதமாக இருக்கும். ஒரு கடையில் மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளர் பக்கம் திரும்பிவிடுவார்கள். இன்னொரு கடையில் எடை, வெள்ளி விலை, சேதாரம், செய்கூலி என்று வரிசையாக எழுதி பில் தருவார்கள். இரண்டாவது கடையின் தொகை கூடுதலாகவே இருந்தாலும், “சலங்கை வேலைப்பாடு நுணுக்கம், அதனால கூலி கூட” என்பதைப் பார்த்துச் சரியா தப்பா என்று நாமே எடைபோடலாம். விலை மாறுவதில் தப்பில்லை. ஏன் மாறுகிறது என்று பார்க்க வழியில்லாததுதான் தப்பு.

இப்போது கடைக்காரர்களின் சங்கம் ஒரு விதி போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பில்லில் இந்தக் கட்டங்கள் எல்லாம் இருக்க வேண்டும். இந்த வகைக் கொலுசுக்குச் செய்கூலி சாதாரணமாக இங்கிருந்து இதுவரை. அதைத் தாண்டிப் போட வேண்டியிருந்தால் போடலாம், ஆனால் காரணத்தை பில்லிலேயே எழுத வேண்டும். அந்தச் சங்கம் கொலுசு விற்பதில்லை. யாருடைய பில்லையும் அது எழுதுவதில்லை. பில் எப்படி இருக்க வேண்டும் என்பதை மட்டும் வகுக்கிறது.

தண்டனை வழிகாட்டு மன்றத்தின் வேலையும் இதுதான். தண்டனையை நீதிபதிதான் எழுதுகிறார். எந்தக் கட்டங்களை வரிசையாக நிரப்பிக்கொண்டு அந்த இடத்துக்கு வர வேண்டும் என்பதை மன்றம் வகுக்கிறது. அப்படி வகுத்து எழுதிய ஆவணம்தான் வழிகாட்டு நெறி. (மனிதரின் சுதந்திரத்தைக் கொலுசோடு ஒப்பிடுவது முழுக்கப் பொருந்தாது என்பது தெரிந்ததுதான். வெள்ளி தவறினால் உருக்கிக்கொள்ளலாம். சிறையில் போன நாள் திரும்பாது. கட்டங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கே அது காரணம்.)

## உள்ளே என்ன நடக்கிறது

உலகில் நன்றாக ஆவணப்படுத்தப்பட்ட உதாரணம் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிக்கான மன்றம். 2009-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவாகி, 2010 ஏப்ரலில் வேலையைத் தொடங்கியது. பதினான்கு உறுப்பினர்கள். எட்டுப் பேர் நீதித்துறையைச் சேர்ந்தவர்கள். மீதி ஆறு பேர் காவல்துறை, அரசுத் தரப்பு வழக்கு நடத்துதல், எதிர்த்தரப்பு வாதம், பாதிக்கப்பட்டோர் நலன், புள்ளியியல் போன்ற துறைகளில் அனுபவம் உள்ளவர்கள். நீதிபதிகள் பெரும்பான்மையாக இருப்பது காரணத்தோடு செய்த ஏற்பாடு. கட்டங்களை வகுப்பவர்களுக்கு அவற்றை நிரப்பிய அனுபவம் இருக்க வேண்டுமே.

நம் மிளகு மூட்டையை அங்கே கொண்டுபோவோம். அந்த நாட்டில் திருட்டுக்கு உச்சபட்சம் ஏழு ஆண்டு. ஆனால் நீதிபதி அந்த ஏழிலிருந்து தொடங்குவதில்லை. வழிகாட்டு நெறி முதலில் இரண்டு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது. ஒன்று குற்றப்பொறுப்பு, அதாவது இந்தச் செயலில் இவருடைய பங்கும் திட்டமும் எவ்வளவு. இது உயர்ந்தது, நடுத்தரம், குறைந்தது என்று மூன்று படி. நன்றாகத் திட்டம் போட்டுச் செய்திருந்தால் மேல் படி. திட்டமே இல்லாமல் சட்டென்று செய்திருந்தால் கீழ்ப் படி. நோட்டம் பார்த்து வந்தவர் எங்கே நிற்பார், கூலித் தொழிலாளி எங்கே நிற்பார் என்பது இங்கேயே பிரிந்துவிடுகிறது.

இன்னொன்று தீங்கு, அதாவது பாதிக்கப்பட்டவருக்கு நேர்ந்த இழப்பு. 500 பவுண்டு வரை, 1,000 வரை, 10,000 வரை, அதற்கு மேல் என்று பொருளின் மதிப்பை வைத்து நான்கு வகை. ஆனால் பண மதிப்போடு அது நிற்பதில்லை. அந்த இழப்பு ஒருவரின் வாழ்க்கையில் பெரிதாக இடித்திருந்தால் ஒரு வகை மேலே தள்ளலாம். இரண்டு ஏக்கர்காரரின் மகளுடைய கல்லூரிக் கட்டணம் கணக்கில் வரும் இடம் இது. பெரிய கம்பெனிக்கு ஒரு மூட்டை ஒரு வரி. அவருக்கோ ஒரு வருடம்.

இந்த இரண்டும் சேரும் இடத்தில் ஒரு தொடக்கப் புள்ளியும், அதைச் சுற்றி ஒரு வரம்பும் கிடைக்கும். அங்கிருந்து நீதிபதி நகர ஆரம்பிக்கிறார். குற்றத்தைப் பெரிதாக்கும் விவரங்கள், உதாரணமாக முந்தைய தண்டனைகள், மேலே நகர்த்தும். இவற்றைக் கடுமையாக்கும் சூழல்கள் என்பார்கள். உண்மையான வருத்தம், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, இதுவரை சுத்தமான வாழ்க்கை போன்றவை கீழே நகர்த்தும். இவை தணிக்கும் சூழல்கள். அப்புறம் ஒப்புதலுக்கான கழிவு: முதல் வாய்ப்பிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். இழுத்தடித்து விசாரணை தொடங்கும் நாளில் ஒப்புக்கொண்டால் பத்தில் ஒரு பங்குதான். ஒரே நேரத்தில் பல குற்றங்களுக்குத் தண்டனை வந்தால், எல்லாவற்றையும் கூட்டிய மொத்தம் நியாயமான அளவில் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்க்க வேண்டும். கடைசியாக, இந்த முடிவுக்கு ஏன் வந்தேன் என்று நீதிபதி திறந்த நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும்.

இந்த நெறி நீதிபதியைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தும். பின்பற்றியே ஆக வேண்டும் என்கிறது சட்டம். அதோடு ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது: பின்பற்றினால் நீதிக்கு முரணாகும் என்று தோன்றினால் விலகலாம். காரணம் சொல்ல வேண்டும். இந்த ஒரு கதவுதான் இதை விலைப்பட்டியலாக மாறாமல் காக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சுருக்கமாகச் சொன்னால்: பொறுப்பு, தீங்கு, தொடக்கப் புள்ளி, இருபக்க நகர்வு, ஒப்புதல் கழிவு, மொத்தச் சரிபார்ப்பு, காரணம். நம் இரண்டு திருடர்களுக்கும் வேறு வேறு தண்டனைதான் வரும். ஆனால் இருவரும் வந்த வழி ஒன்று.

## நோக்கம் என்று சட்டம் எதைச் சொல்கிறது

பலரும் தடுமாறும் இடம் இது. தண்டனையின் நோக்கம் வேறு, தண்டனை வழிகாட்டும் அமைப்பின் நோக்கம் வேறு.

தண்டனை எதற்கு என்பதற்கு இங்கிலாந்துச் சட்டம் ஐந்து காரணங்களை அடுக்குகிறது: குற்றத்துக்குத் தண்டிப்பது, அச்சுறுத்தியோ வேறு வழியிலோ குற்றங்களைக் குறைப்பது, குற்றவாளியைத் திருத்துவது, மக்களைப் பாதுகாப்பது, பாதிக்கப்பட்டவருக்கு ஈடுசெய்யவைப்பது. இந்த ஐந்தும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். கூலித் தொழிலாளியை உள்ளே போட்டால் தண்டித்ததாகும், ஆனால் அவர் திருந்துவாரா, அம்மாவை யார் பார்ப்பது? வெளியே விட்டால் திருந்த வாய்ப்பு உண்டு, ஆனால் தோட்டக்காரர் மனம் ஆறுமா? எந்த வழக்கில் எதற்கு முன்னுரிமை என்பது அந்த வழக்கைப் பார்க்கும் நீதிபதியின் வேலை.

மன்றத்துக்குச் சட்டம் கொடுத்திருக்கும் வேலை இதிலிருந்து ஒரு படி தள்ளி நிற்கிறது. நெறி எழுதும்போது எதையெல்லாம் மனதில் வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நீதிமன்றங்கள் இப்போது என்ன தண்டனை கொடுக்கின்றன, தண்டனையில் சீர்மையை எப்படி வளர்ப்பது, பாதிக்கப்பட்டவர்கள் மேல் இந்த முடிவுகளின் தாக்கம் என்ன, குற்ற நீதியமைப்பின் மேல் மக்களுக்கு நம்பிக்கை வளர என்ன வேண்டும், எந்த வகைத் தண்டனைக்கு என்ன செலவு, மறுபடி குற்றம் நடக்காமல் தடுப்பதில் எது எவ்வளவு பலன் தருகிறது. எழுதிய நெறி களத்தில் எப்படி நடக்கிறது என்று கண்காணித்து, அந்த விவரத்தையும் திரும்பக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இதில் சீர்மை என்ற சொல்லை எல்லோரும் தவறாகவே பிடித்துக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு தண்டனை என்று எண்ணுகிறார்கள். அணுகுமுறை ஒன்றாக இருப்பதைத்தான் அது குறிக்கிறது. ஒரே மாதிரி வழக்குகள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் போய் நிற்கும். வேறு மாதிரி வழக்குகள் வேறு இடத்தில் நிற்கும், ஏன் என்பதும் தெரியும்.

நோக்கத்தை எப்படி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து அமைப்பின் உருவமே மாறிவிடும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. அங்கே 1984-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனை ஆணையத்தை உருவாக்கியது. நியாயமில்லாத வேறுபாடுகளை ஒழிப்பதுதான் பெரிய இலக்கு. 1987 நவம்பரில் நெறிகள் நடைமுறைக்கு வந்தன. குற்றத்தின் கடுமைக்கு 43 படி, முந்தைய குற்ற வரலாற்றுக்கு 6 வகை என்று ஓர் அட்டவணை. பெருக்கினால் 258 கட்டம். வேறுபாட்டை ஒழிப்பதே முதல் இலக்கு என்று ஆகிவிட்டால் கைகள் இறுகத்தானே செய்யும்? மனிதரைப் பார்க்க முடியவில்லை, கட்டத்தைத்தான் பார்க்க முடிகிறது என்று நீதிபதிகளே குமுறினார்கள். 2005-இல் புக்கர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்த நெறிகளைக் கட்டாயமாக வைத்திருப்பது ஜூரி விசாரணைக்கான, அதாவது பொதுமக்களிலிருந்து எடுத்த குழு உண்மைகளை முடிவு செய்வதற்கான அரசியலமைப்பு உரிமைக்கு எதிரானது என்று கூறி, அவற்றை ஆலோசனை அளவுக்கு இறக்கியது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் வேறு வழியில் போனது. 2004-இல் அமைந்த அதன் ஆலோசனை மன்றம் தண்டனைப் புள்ளிவிவரங்களை வெளியிடுகிறது, மக்களுக்கு விளக்குகிறது, அரசுக்கு யோசனை சொல்கிறது. நீதிபதிகளைக் கட்டுப்படுத்தும் நெறியை அது எழுதுவதில்லை. ஸ்காட்லாந்தில் 2015-இல் வந்த மன்றம் நெறி எழுதும், ஆனால் உயர் குற்றவியல் நீதிமன்றம் ஒப்புதல் தந்த பிறகுதான் அது நடைமுறைக்கு வரும். அதனால்தான் “ஃபாரின்ல இருக்கிற மாதிரி” என்று யாராவது சொன்னால் எந்த நாட்டு மாதிரி என்று கேட்கத் தோன்றுகிறது.

## அதன் தலையில் ஏற்றக் கூடாதவை

கொடூரமான ஒரு சம்பவம் நடக்கிறது. ஊரே கொதிக்கிறது. “கமிட்டி போட்டுத் தண்டனையைக் கடுமையாக்கு” என்ற குரல் வருகிறது. உச்சபட்சத் தண்டனையை ஏற்றுவதும் இறக்குவதும் நாடாளுமன்றத்தின் வேலை. தேர்தலில் மக்களிடம் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். மன்றத்தின் கையில் அந்தச் சாட்டையைக் கொடுத்தால், அடுத்த வாரச் செய்திக்கு ஏற்ப நெறி மாறத் தொடங்கிவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. சிறைகள் நிரம்பி வழிகின்றன, எனவே மன்றத்தை வைத்துத் தண்டனைகளைக் குறைக்கலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். செலவைக் கணக்கில் எடுக்கச் சொல்வது சரி. ஆனால் இடநெருக்கடிக்குத் தீர்வாக ஒரு மனிதரின் தண்டனையை அளப்பது, பாதிக்கப்பட்டவரிடம் நாம் சொல்லவே முடியாத காரணம். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் பெரும்பகுதி இன்னும் தண்டனையே பெறாத விசாரணைக் கைதிகள். அந்த நெரிசலுக்கு மருந்து ஜாமீனிலும் விசாரணை வேகத்திலும் இருக்கிறது.

கோடு எங்கே என்பது தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2025-இல் இங்கிலாந்திலேயே பார்த்தோம். தண்டனைக்கு முன், குற்றவாளியின் பின்னணியை நன்னடத்தை அலுவலர் விசாரித்து நீதிபதிக்குத் தரும் அறிக்கை ஒன்று உண்டு. யார் யாருக்கு இந்த அறிக்கை சாதாரணமாகத் தேவைப்படும் என்று மன்றம் ஒரு பட்டியல் போட்டது. அதில் இன, மதச் சிறுபான்மையினரும் இருந்தார்கள். பின்னணியை முழுதாகத் தெரிந்துகொள்ளத்தான் இது என்றது மன்றம். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்பது என்ன ஆயிற்று என்று அரசு கேட்டது. நடைமுறைக்கு வர வேண்டிய நாளுக்கு முந்தின நாள் மன்றமே அதை நிறுத்திவைத்தது. அதற்குப் பிறகு நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டுத் தடுத்தது. எந்தப் பக்கம் சரி என்பதை இங்கே தீர்க்க முடியாது. இரு பக்கமும் கேட்டதற்கு நியாயம் இருந்தது. ஆனால் கொள்கையை வகுப்பது யார், அதை நீதிமன்ற நடைமுறையாக எழுதுவது யார் என்ற எல்லை பதினைந்து ஆண்டுக்குப் பிறகும் மங்கலாக இருந்திருக்கிறது.

## நம் பக்கம் எப்படி

இந்தியாவில் இப்படி ஓர் அமைப்பு இதுவரை இல்லை. பேச்சு மட்டும் பழையது. 1980-இல் பச்சன் சிங் வழக்கில், மரண தண்டனை அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டும்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லா வழக்குக்கும் பொருந்தும் உறுதியான அளவுகோலை எழுத முடியாது என்றும் சேர்த்தே சொன்னது. அது மரண தண்டனைக்கு. அன்றாடம் நடக்கும் திருட்டு, அடிதடி, விபத்து வழக்குகளுக்கு அந்த அளவுக்கு வழிகாட்டுதல்கூட இல்லை. 2003-இல், குற்ற நீதியமைப்பின் சீர்திருத்தத்துக்காக மத்திய அரசு அமைத்த மலிமத் குழு, ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரோ உயர் நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி ஒருவரோ தலைமை வகிக்கும் குழுவைச் சட்டப்படி அமைத்துத் தண்டனை நெறிகள் வகுக்கலாம் என்று பரிந்துரைத்தது. 2008-இல் பிரேம் சாகர் வழக்கில், தண்டனை நிர்ணயத்துக்கான கோட்பாடுகளை நம் நீதியமைப்பு வளர்த்தெடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றமே வருந்தியது. 2024 மே மாதம் சுனிதா தேவி வழக்கில் நீதிபதிகள் எம்.எம். சுந்தரேஷ், எஸ்.வி.என். பட்டி இருவரும், முழுமையான தண்டனைக் கொள்கை ஒன்றைப் பரிசீலிக்கும்படி மத்திய அரசைக் கேட்டார்கள். சுந்தரேஷ் நம் பக்கத்து ஈரோட்டுக்காரர். அதற்கு அடுத்த ஜூலையில் மூன்று புதிய குற்றவியல் சட்டங்களும் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் இப்படி ஓர் அமைப்புக்கு இடமில்லை.

நாளைக்கே ஒரு மசோதா வருகிறது என்றால் அதில் நான் தேடுவது இரண்டு விஷயம். அமைப்பின் முதல் வேலை, தண்டனைக்கான காரணங்களை எல்லா நீதிமன்றங்களும் ஒரே வரிசையில் எழுதச் செய்வது என்று இருக்கிறதா? அப்படி எழுதியவற்றைத் திரட்டி, எந்த மாவட்டத்தில் எந்தக் குற்றத்துக்கு என்ன நடக்கிறது என்று ஆண்டுதோறும் வெளியிடுவது கடமை என்று இருக்கிறதா? இவை இரண்டும் முன்னால் இருந்து, மற்றவை பின்னால் வந்தால் ஆதரிப்பேன். “கடும் தண்டனையை உறுதிசெய்தல்” என்று முதல் வரி தொடங்கினால் ஆதரிக்க மாட்டேன்.

இதில் எனக்கு அக்கறை வரக் காரணம் ஏழைகள். வசதியுள்ளவருக்கு நல்ல வக்கீல் இருப்பார். தணிக்கும் சூழல் ஒவ்வொன்றையும் ஆவணத்தோடு எடுத்து வைப்பார், டாக்டர் சான்றிதழ் முதல் பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீது வரை. கூலித் தொழிலாளிக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக ஒரு வக்கீல் கிடைப்பார். வழக்குக் கட்டுகளுக்கு நடுவே, அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும் விவரம் அவர் காதுக்கு வராமலே போகலாம். கட்டங்கள் அச்சிட்டு எதிரில் இருந்தால், “இவரை நம்பி யார் இருக்கிறார்கள்?” என்று கேட்காமல் அந்த வக்கீலும் நீதிபதியும் அடுத்த வரிக்குப் போக முடியாது.

அதுவரைக்கும் ஒரு காரியம் நாமே செய்யலாம். சேலம் மாவட்ட நீதிமன்றங்களின் தீர்ப்புகள் பல இ-கோர்ட்ஸ் தளத்தில் கிடைக்கின்றன. திருட்டு வழக்கில் தண்டனை விழுந்த இரண்டு தீர்ப்புகளை எடுத்து, கடைசிப் பக்கத்தில் தண்டனை எழுதிய பத்தியை மட்டும் படியுங்கள். பொருளின் மதிப்பு, திட்டம் போட்டாரா, திருப்பிக் கொடுத்தாரா, முதல் குற்றமா, வீட்டில் யார் இருக்கிறார்கள், பறிகொடுத்தவர் நிலை என்ன: இந்த ஆறில் எத்தனை எழுதப்பட்டிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு தீர்ப்பிலும் அந்த எண்ணிக்கையை அருகருகே வைத்துக்கொண்டு, அப்புறம் மன்றம் வேண்டுமா வேண்டாமா என்று பேசலாம்.